இனிமே அனிமே

எங்கள் கம்பெனியில் எல்லாப் பொருளுக்கும் ஓர் இடம் உண்டு. அந்த இடத்தைச் சுற்றி மஞ்சள் பெயிண்டில் ஒரு கட்டமும் உண்டு. குப்பைத் தொட்டிக்குக் கட்டம், துடைப்பத்துக்குக் கட்டம், மேலாளர் மேஜையில் ஸ்டேப்ளருக்குக் கட்டம். அவர் டீ கப்புக்கு மட்டும் வட்டம். கப்பை அவர் வாயருகே கொண்டுபோகும்போது, காலியான வட்டத்துக்குள் "பயன்பாட்டில் உள்ளது" என்ற அட்டையை வைக்க வேண்டும். நான் கதை விடவில்லை. அந்த அட்டையை லேமினேட் செய்து கொண்டுவந்தவனே நான்தான்.

கட்டம் இல்லாமல் கம்பெனிக்குள் இருந்தது ஒன்றே ஒன்று. ஸ்டோர்ஸில் கிரீஸ் டின்களுக்குப் பின்னால் நாங்கள் வைத்திருந்த லாங் சைஸ் நோட்டு. அதனால்தான் அது மாட்டிக்கொண்டது.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் லாரிக் கதவுக்கு ரப்பர் பீடிங் செய்யும் கம்பெனி எங்களுடையது. நாங்கள் நாலு பேர். ஸ்டோர்ஸில் அப்ரார், பழவேற்காட்டுக்காரன். இன்ஸ்பெக்ஷனில் கிறிஸ்டினா, கவரைப்பேட்டை. ஃபோர்க்லிப்ட் ஓட்டுகிற குப்புராஜ். ரப்பர் பிரஸ்ஸில் வேகிற நான், வரதன். 2001இலிருந்து நாங்கள் ஜப்பான் அனிமே பார்க்கிறோம். அப்ராரின் மச்சான் மெட்ராஸிலிருந்து சிடி கொண்டுவருவான். அது வீடு வீடாகச் சுற்றும். கார்ட்டூன் என்று யாராவது சொல்லிவிட்டால் கிறிஸ்டினாவுக்கு மூக்கு சிவந்துவிடும். "கார்ட்டூன்னா கொழந்திங்க பாக்கறது. இது அனிமே. பாத்துட்டு ரெண்டு நாளு சோறு எறங்காது" என்பாள்.

பார்த்தால் போதுமா? பேச வேண்டாமா? நாலு பேருக்கும் வேறு வேறு ஷிப்ட். ஒருவன் உள்ளே வரும்போது இன்னொருவன் கார்டு பஞ்ச் அடித்து வெளியே போவான். அதற்காகத்தான் அந்த நோட்டு. அட்டையில் அப்ரார் மார்க்கரால் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தான்: "அனிமே: ஆய்வும் விவாதமும்". ஆறு வருடத்தில் மூன்றாவது நோட்டு அது. முதல் இரண்டும் அப்ரார் வீட்டு வெள்ளத்தில் போய்விட்டன.

நோட்டுக்கு இரண்டு விதிகள். பார்க்காமல் எழுதக் கூடாது. எழுதியதை வாயால் சொல்லக் கூடாது. கேன்டீனில் எதிரெதிரே உட்கார்ந்து நாஷ்டா சாப்பிட்டாலும் "நோட்டுல போட்டுக்கிறேன், பாத்துக்கோ" என்பதோடு சரி. மூன்றாவதாக விதி இல்லை, பழக்கம் என்று ஒன்று இருந்தது. முதல் நோட்டில் கிறிஸ்டினா எழுதியதற்கு நான் கோபத்தில் "இந்த விமர்சனத்தை நான் ஏற்றுக்கொள்ள மாட்டேன்" என்று ஆரம்பித்துவிட்டேன். பிறகு எல்லாருமே பதிலை அப்படித்தான் தொடங்கினார்கள். முழுக்க ஒத்துப்போகிறவனும் முதல் வரியில் ஏற்றுக்கொள்ள மாட்டேன் என்று எழுதிவிட்டுத்தான் ஒத்துப்போவான்.

குப்புராஜுக்கு இங்கிலீஷ் வராது. கீழே ஓடுகிற எழுத்தை விட்டுவிட்டுப் படத்தை மட்டும் பார்ப்பான். நோட்டிலேயே உருப்படியான விமர்சனம் அவனுடையதுதான். "அந்தப் பொண்ணு நூடுல்ஸ் துண்ணுது. ஆவி மேல போவுது. ஆனா கண்ணு கிண்ணத்து மேல இல்ல. யாரயோ நெனச்சிக்கினு துண்ணுது" என்று எழுதி, பக்கத்தில் ஆவி பறக்கும் கிண்ணத்தை வரைந்தும் வைப்பான். எழுத்தைப் படித்துக்கொண்டிருந்த நாங்கள் மூன்று பேரும் அந்தக் கண்ணைக் கவனித்திருக்க மாட்டோம்.

2007 தொடக்கத்தில் நாங்கள் பார்த்த தொடருக்கு எங்களுக்குப் பெயர் தெரியாது. சிடி உறையில் ஜப்பான் எழுத்தில் என்னவோ போட்டிருந்தது. நாங்கள் "சிக்னல் பொண்ணு" என்று வைத்துக்கொண்டோம். மலைமேல் ஒரு சின்ன ரயில் நிலையம். அந்தப் பாதையில் ரயிலை நிறுத்திவிட்டார்கள். ஆனாலும் ஒரு பெண் தினம் வந்து விளக்கைத் துடைத்துவிட்டு, சிக்னல் கம்பிக்கு எண்ணெய் போட்டு வைத்துக் காத்திருக்கிறாள். இருபத்தைந்து பாகம் காத்திருக்கிறாள். இருபத்தாறாவது பாகத்தில் ரயில் வருகிறது. அவள் ஏறவில்லை. பச்சை விளக்கைக் காட்டி அனுப்பிவிடுகிறாள். முடிந்தது.

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. இரண்டு பக்கம் எழுதித் தள்ளினேன். டைரக்டருக்கு மூளை குழம்பிவிட்டது என்று எழுதினேன். இருபத்தைந்து பாகமும் ஜவ்வாக இழுத்து, கடைசியில் நம் தலையில் மிளகாய் அரைத்திருக்கிறான் என்று எழுதினேன். அப்ரார் எனக்குப் பாதி ஒத்துப்போனான். குப்புராஜ் அவளுடைய கையை மட்டும் வரைந்துவிட்டு விட்டுவிட்டான். கிறிஸ்டினாவின் முறை பாக்கி.

அந்த வெள்ளிக்கிழமைதான் அவளுக்குக் கடைசி நாள். கல்யாணமாகி ஓசூர் போகிறாள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு இன்ஸ்பெக்ஷன் ரூமில் குனிந்து எழுதிக்கொண்டிருந்ததைக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். நடுநடுவே ஓவர்கோட் கையால் முகத்தைத் துடைத்தாள். பிரஸ் பக்கமாக வந்தாள்.

"ஒன்ற பக்கம் போட்டுக்கிறேண்ணே. பாத்துக்கோ. நீ ஒத்துக்க மாட்ட."

"பதிலு எழுதி ஓசூருக்கு ஜெராக்ஸ் அனுப்பறேன், போ" என்றேன்.

ரயில் ஏறாத பெண்ணைப் பற்றி எழுதி வைத்துவிட்டு அவள் கவரைப்பேட்டைக்கு ரயில் ஏறிப் போனாள். நான் ஷிப்ட் முடிந்து ஸ்டோர்ஸுக்கு ஓடினேன். கிரீஸ் டின்கள் இருந்தன. பின்னால் நோட்டு இல்லை. நோட்டு இருந்த இடத்தில் ஒரு சிவப்பு அட்டை தொங்கியது. "அடையாளமற்ற ஆவணம். கட்டம் இல்லை. பறிமுதல்."

மறுநாள் எங்கள் மூன்று பேரையும் மணவாளன் சார் அறைக்குக் கூப்பிட்டார்கள். அவர்தான் மனிதவளத்துக்கும் தரத்துக்கும் சேர்த்து மேலாளர். எது செய்தாலும் ஜப்பான்காரன் மாதிரி செய்ய வேண்டும் என்பது அவர் கொள்கை. ஜப்பானுக்குப் போனதில்லை. தி.நகரில் மூன்று நாள் கோர்ஸ் போயிருக்கிறார். காலையில் எங்களை வரிசையாக நிற்கவைத்து செய்ரி, செய்டன், செய்சோ என்று ஒழுங்குக்கும் சுத்தத்துக்கும் ஐந்து ஜப்பான் மந்திரம் சொல்ல வைப்பவர் அவர்தான். "செய்றி, செய்டான்னு வேல வாங்கறத்துக்கு ஜப்பான்லேர்ந்து சொல்லிக் குடுக்கணுமா" என்று குப்புராஜ் தினமும் முணுமுணுப்பான். வீண் என்பதற்கு ஜப்பானில் முடா என்பார்களாம். மணவாளன் சார் ஷெட்டுக்குள் வந்து எதையாவது காட்டி "முடா! முடா!" என்று கத்துவார். முதல் ஒரு மாதம் எங்களைத்தான் திட்டுகிறார் என்று நினைத்திருந்தோம். பிறகும் அந்த எண்ணம் முழுதாகப் போகவில்லை.

சஸ்பென்ஷன் நிச்சயம் என்றுதான் உள்ளே போனோம். மணவாளன் சார் எழுந்து நின்றார். இடுப்பை வளைத்து எங்களைக் கும்பிட்டார். நாங்கள் பயந்துவிட்டோம்.

"எவ்வளவு நாளா இதைப் பண்றீங்க?"

"ஆறு வருஷமா சார்" என்றான் அப்ரார். "லஞ்ச் டைம்ல மட்டுந்தான் சார்."

"ஆறு வருஷம்!" அவர் கண் கலங்கிவிட்டது. "கைசனுக்கு சர்டிபிகேட் வச்சிருக்கேன். கான்பானுக்கு வச்சிருக்கேன். அனிமேன்னு ஒண்ணு இருக்கறதை அந்தக் கோர்ஸ்ல எனக்குச் சொல்லவே இல்லப்பா. மறைச்சுட்டாங்க."

எங்களுக்குப் புரிய நேரமாயிற்று. கைசன், கான்பான் மாதிரி அனிமேயும் ஆலை நடத்துகிற ஒரு ஜப்பான் முறை என்று நினைத்துவிட்டார். அவர் நோட்டைப் பிரித்து வாசித்தார். "மூன்றாம் பாகத்தில் தொய்வு. ஏழாம் பாகம் ஜவ்வாக இழுக்கிறது. வெட்டியிருக்கலாம். பன்னிரண்டாம் பாகத்தில் முதல் பாதிக்கும் இரண்டாம் பாதிக்கும் ஒட்டவில்லை." நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டார். "இருபது வருஷமா ரப்பர் லைன்ல இருக்கேன். இவ்வளவு துல்லியமா ஒரு இன்ஸ்பெக்ஷன் ரிப்போர்ட்டை நான் படிச்சதில்ல."

எங்கள் கம்பெனியில் பீடிங் துண்டுகளுக்குத் தமிழ் நோட்டீஸில் பாகம் என்றுதான் போடுவார்கள். பாகம் ஒன்று, பாகம் இரண்டு. எங்களுக்குக் கதையில் வருகிற பாகம். அவருக்கு லாரிக் கதவில் ஒட்டுகிற பாகம்.

"சார், அது பொம்மப் படம் சார்" என்றேன்.

"அதேதான்! படம் போட்டு விளக்கறது." குப்புராஜின் நூடுல்ஸ் கிண்ணத்தைக் காட்டினார். "பிரஸ்ல எந்த இடத்துல ஸ்டீம் லீக் ஆகுதுன்னு ஒரு ஃபோர்க்லிப்ட் டிரைவர் வரைஞ்சு வச்சிருக்கான். என்ஜினியர் எவனாவது வரைஞ்சானா?"

குப்புராஜ் என்னைப் பார்த்தான். நான் அப்ராரைப் பார்த்தேன். மூன்று பேருக்கும் வேலை வேண்டும். வாயை மூடிக்கொண்டோம். எனக்கு வேண்டியதை மட்டும் கேட்டேன்.

"சார், நோட்ட ஒரு தபா குடுத்தீங்கன்னா, கடைசி ஒன்ற பக்கம் படிச்சிட்டுத் தந்துடறேன்."

"கண்டிப்பா" என்றார் மணவாளன் சார். "முறைப்படி."

அந்த ஒரு சொல்லில்தான் என் ஏழு மாதம் போயிற்று.

அடுத்த திங்கட்கிழமை கேட்டில் பேனர் கட்டினார்கள். "இனிமே அனிமே!" என்று ஆறடி எழுத்து. எங்கள் மூன்று பேரையும் அனிமே வட்டத்தின் நிறுவன உறுப்பினர்கள் என்று அறிவித்தார்கள். ஒருவரையொருவர் இனி மரியாதையாகச் சான் சேர்த்துத்தான் கூப்பிட வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. வரதன்சான், அப்ரார்சான், குப்புராஜ்சான்.

"இன்னாபா, ஆள சாணு மொழம்னு அளக்கறாங்க" என்றான் குப்புராஜ். "நானு எத்தினி சாணு?"

விழாவில் ஆலைத் தலைவர் ராஜமாணிக்கம் பேசினார். வருடத்துக்கு இரண்டு முறைதான் ஷெட்டுக்குள் வருவார். வந்தால் கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுத்துவிட்டுப் பேசுவார். "தொழிலாளி கேள்வி கேக்கணும்னு நினைக்கிற நிர்வாகம் இது" என்று தொடங்கினார். "ஒரு தப்பு நடந்தா ஏன், ஏன், ஏன்னு அஞ்சு தடவை கேக்கணும்னு ஜப்பான்ல சொல்லியிருக்கான். அஞ்சு தடவை தாராளமா கேளுங்க. ஆறாவது தடவை கேட்டா அதுக்குப் பேரு யூனியன். அது நம்ம கலாச்சாரம் இல்ல." எல்லாரும் கை தட்டினோம். எத்தனை முறை தட்ட வேண்டும் என்று சுற்றறிக்கையில் இருந்தது.

நோட்டுக்குக் கட்டம் கிடைத்தது. சாதாரணக் கட்டமில்லை. முன் அலுவலகத்தில் கண்ணாடிப் பெட்டி செய்து, உள்ளே பட்டுத் துணி விரித்து, முதல் பக்கத்தைத் திறந்து வைத்து, தமிழ்ப் புத்தாண்டுக்குச் சந்தனப் பொட்டும் வைத்தார்கள். கடைசிப் பக்கம் அடியில் இருந்தது. தினமும் அந்த வழியாகத்தான் கார்டு பஞ்ச் அடிக்கப் போவேன். இரண்டு அங்குலக் கனத்துக்குக் கீழே கிறிஸ்டினாவின் ஒன்றரைப் பக்கம் அமுங்கிக் கிடந்தது. 

விண்ணப்பம் போட்டேன். படிவம் பதினான்கு, ஆவணப் பார்வைக் கோரிக்கை. பெயர், டோக்கன் எண் எல்லாம் எழுதிவிட்டேன். ஆறாவது கேள்வி: "பார்க்க விரும்பும் பக்கத்தில் என்ன எழுதியுள்ளது? சுருக்கமாகக் குறிப்பிடுக." தெரியாது, அதற்காகத்தான் பார்க்க வேண்டும் என்று எழுதினேன். முழுமையற்ற விண்ணப்பம் என்று திரும்பி வந்தது. இரண்டாவது தடவை, ரயில் விஷயம் என்று எழுதினேன். ரயில் நம் தயாரிப்பு அல்ல என்று திரும்பி வந்தது. மூன்றாவது தடவை மணவாளன் சாரே கூப்பிட்டுப் பொறுமையாக விளக்கினார்.

"பக்கத்தை எழுதினவங்க ஒப்புதல் வேணும் வரதன்சான். எழுதினது யாரு?"

"கிறிஸ்டினா சார். வேலைய உட்டுப் போய்ட்டாங்க."

அவர் கம்ப்யூட்டரில் தேடினார். "அப்படி ஒரு ஊழியர் நம்ம பட்டியல்ல இல்லையே. இல்லாதவங்க எழுதியிருக்க முடியாது. அப்போ அந்தப் பக்கம் எழுதப்படலைன்னுதான் அர்த்தம். எழுதப்படாத பக்கத்தைப் பார்த்து என்ன பண்ணப்போறீங்க?"

ஓசூருக்குப் போன் போட்டேன். கிறிஸ்டினாவிடம் விஷயத்தைச் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தாள். "இன்னா எழுதனேன்னு வாயாலியே சொல்லிடட்டா" என்றும் அவள் கேட்கவில்லை. சொல்லும்மா என்று நானும் கேட்கவில்லை. ஆறு வருட விதி. "நோட்டுலதாண்ணே கீது. எங்க போவப்போவுது, பாத்துக்கோ" என்றாள்.

இதற்கிடையே வட்டம் வாராவாரம் கூடியது. நாங்கள் நாலு பேரும் ஆறு வருடத்தில் ஒரு முறைகூட ஒன்றாக உட்கார்ந்ததில்லை. இப்போது எட்டு மேலாளர்கள் குளிர்சாதன அறையில் உட்கார்ந்து அனிமே செய்தார்கள். ஒரு கட்டத்தில் அப்ராருக்குப் பொறுக்கவில்லை. சிக்னல் பொண்ணு கதையை முதலிலிருந்து கடைசிவரை எழுந்து நின்று சொல்லிவிட்டான். இதுதான் சார் அனிமே, இது கதை, ரப்பர் இல்லை என்றான். எட்டு மேலாளர்களும் பேனாவைக் கீழே வைத்தார்கள். உண்மை வெளிவந்துவிட்டது, வேலை போனாலும் நோட்டாவது மிஞ்சும் என்று நினைத்தேன்.

"அருமையான கேஸ் ஸ்டடி" என்றார் மணவாளன் சார்.

உடனே பலகையில் ஏன், ஏன் போட ஆரம்பித்தார்கள். ரயில் ஏன் வரவில்லை? பராமரிப்புக் குறைவு. அந்தப் பெண் ஏன் அழுதாள்? கண்ணாடி அணியவில்லை, பாதுகாப்பு விதிமீறல். விளக்கைத் தினமும் ஏன் துடைத்தாள்? இதற்கு மட்டும் பாராட்டுக் கிடைத்தது. கடைசியில் ராஜமாணிக்கம் சார் தீர்ப்புச் சொன்னார்.

"வண்டியே வராத ஸ்டேஷன்ல எதுக்கு ஒரு ஆளு? முதல் பாகத்திலேயே அந்தப் பொண்ணை வீட்டுக்கு அனுப்பியிருக்கணும். இருபத்தஞ்சு பாகம் முடா."

"அப்ப கத சார்?" என்று கேட்டான் குப்புராஜ்.

"மிச்சம்" என்றார்.

அன்றைக்கு ஷெட்டுக்குத் திரும்பிவந்து பிரஸ்ஸைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். அவள் ஏறாமல் போனதற்காக இரண்டு பக்கம் திட்டி எழுதியவன் நான். ஆனால் இவர்கள் அவளைத் திட்டியபோது யாரோ என் தங்கையைத் திட்டியது போலிருந்தது. அவள் பக்கம் ஏதோ நியாயம் இருக்கிறது. அதைக் கிறிஸ்டினா கண்டுபிடித்து எழுதி வைத்திருக்கிறாள். அது முன் அலுவலகத்தில் பூட்டிக் கிடக்கிறது.

ஆகஸ்டில் ஜப்பானிலிருந்தே ஆடிட்டுக்கு ஆள் வந்தார். கொமோரி என்று பெயர். அறுபது வயதிருக்கும், மெலிந்த மனிதர். கேட்டில் பேனரைப் பார்த்ததும் நின்றார். மொழிபெயர்க்க மெட்ராஸிலிருந்து வந்திருந்த மாஹிரா என்ற பெண் இரண்டு சொல்லையும் வாசித்துக் காட்டினாள். "அனிமே?" என்றார் அவர். "அனிமே!" என்று மணவாளன் சார் இடுப்பை வளைத்தார். "அனிமே?" என்று மறுபடி கேட்டார். மணவாளன் சார் இன்னும் கொஞ்சம் வளைத்தார்.

கண்ணாடிப் பெட்டியருகே அவரைக் கூட்டிவந்தபோது நானும் சீருடையில் பக்கத்தில் நிறுத்தப்பட்டிருந்தேன். திறந்திருந்த முதல் பக்கத்தில் குப்புராஜின் படம் ஒன்று இருந்தது. மழையில் நனைகிற ஒரு சைக்கிள். கொமோரி குனிந்து வெகுநேரம் பார்த்தார். பிறகு சிரித்தார். மேலாளர்கள் சிரிக்கிற சிரிப்பில்லை. எங்கேயோ பார்த்ததை அடையாளம் கண்டுகொண்ட சிரிப்பு. நோட்டைத் திறந்து பார்க்கலாமா என்று மாஹிராவிடம் கேட்டார்.

 திறந்தால் புரட்டுவார். புரட்டினால் கடைசிப் பக்கம் வரும். தலைகீழாகத் தெரிந்தாலும் படித்துவிடுவேன்.

சாவி ஆவணக் கட்டுப்பாட்டு அலுவலரிடம் இருந்தது. அவர் திருத்தணிக்கு மொட்டை போடப் போயிருந்தார். மாற்றுச் சாவி இருந்தது. அதை எடுக்க மூன்று கையெழுத்து வேண்டும். மூன்றாவது கையெழுத்து அந்த அலுவலருடையது. கொமோரி நாற்பது நிமிடம் நின்றார். நாற்காலி போட்டார்கள், உட்காரவில்லை. கடைசியில் பார்வையாளர் புத்தகத்தில் ஜப்பானிய மொழியில் ஒரு வரி எழுதிவிட்டுக் காரில் ஏறினார்.

அந்த வரியைப் பெரிதாக்கி, தங்க நிறச் சட்டம் போட்டு, மாநாட்டு அறையில் மாட்டினார்கள். கீழே "நமது தரத்துக்கு ஜப்பானின் சான்று" என்று பித்தளைத் தகடு. அன்றைக்கு டீ குடிக்கும்போது மாஹிரா அப்ராரிடம் அர்த்தத்தைச் சொல்லிவிட்டுத்தான் போயிருந்தாள். "சாவி கிடைத்ததும் தயவுசெய்து தெரிவிக்கவும்." எங்கள் வட்டம் ஒவ்வொரு வாரமும் அந்தச் சட்டத்துக்குக் கீழேதான் உட்கார்ந்தது.

ஜப்பான்காரரே நாற்பது நிமிடம் நின்று பார்த்த நோட்டு என்பதால் அதற்கு மதிப்பு ஏறிவிட்டது. ஷெட்டில் எல்லாருக்கும் கிடைக்க வேண்டும் என்று டைப் அடித்து, யாரும் பேனா வைக்கக் கூடாத நாற்பது கட்டுப்பாட்டு நகல்கள் போட முடிவானது. எனக்கு உயிர் வந்தது. நகல் என்றால் முழு நகல்தானே? அக்டோபர் ஒன்பதாம் தேதி நகல் எண் பதினேழு என் பிரஸ்ஸுக்கு வந்து சேர்ந்தது. நீல அட்டை, ஸ்பைரல் கட்டு, மூலையில் சிவப்பு முத்திரை. கையைத் துடைத்துக்கொண்டு பின்பக்கத்திலிருந்து பிரித்தேன்.

வெள்ளைத் தாள். நடுவில் ஒரே வரி.

"இந்தப் பக்கம் வேண்டுமென்றே காலியாக விடப்பட்டுள்ளது."

முன் அலுவலகத்துக்கு ஓடினேன். கண்ணாடிப் பெட்டியில் நகல் எண் ஒன்று இருந்தது. பழைய நோட்டு எங்கே சார் என்று மணவாளன் சாரைக் கேட்டேன். நகல் வந்துவிட்டால் மூலம் காலாவதி; காலாவதியான ஆவணத்தை அழித்துவிட வேண்டும் என்பது விதி என்றார். இயந்திரத்தில் போட்டுத் துண்டு துண்டாக்கி, பீடிங் பார்சலில் அடைக்கக் கொடுத்துவிட்டார்களாம். "ஒரு துளிகூட முடா இல்ல" என்றார்.

"கடைசி பக்கத்த ஏன் சார் டைப் அடிக்கல?"

அவர் கோப்பைத் திருப்பிக் காட்டினார். டைப் அடித்த குழு எழுதியிருந்தது: "கடைசி ஒன்றரைப் பக்கம் ஈரம் பட்டுச் சிதைந்துள்ளது. வாசிக்க இயலவில்லை. நீக்கப்பட்டது. ஈரத்தின் மூல காரணம்: தெரியவில்லை."

எனக்குத் தெரியும். கண்ணாடி வழியாகப் பார்த்தவன் நான்.

சாயங்காலம் ஓசூருக்குப் போன் போட்டேன். இந்தத் தடவை கிறிஸ்டினா சிரிக்கவில்லை.

"விதிய உடும்மா. வாயாலியே சொல்லிடு" என்றேன். "ஏன் ஏறல அவ?"

 அவள் சொன்னாள்: "நெனப்புக்கு வரலண்ணே. அன்னிக்கி அழுதுக்கினே எழுதனது. நீ ஒத்துக்க மாட்ட, இப்பிடிச் சொன்னா இப்பிடி மடக்குவன்னு நெனச்சி நெனச்சி எழுதனது. எழுத எழுதத்தான் எனக்கே புரிஞ்சிது. இப்ப யோசிச்சா, நல்லா இருந்திச்சின்னு மட்டுந்தான் வருது. அதச் சொல்றத்துக்கா ஆறு வருசம் எழுதனோம்?"

 

மறுநாள் சாப்பாட்டு மணியில் நகல் எண் பதினேழை எடுத்தேன். கடைசிப் பக்கத்தைப் பிரித்தேன். அச்சடித்த அந்த ஒற்றை வரிக்குக் கீழே பால்பாயின்ட் பேனாவால் அழுத்தி எழுதினேன். "இந்த விமர்சனத்தை நான் ஏற்றுக்கொள்ள மாட்டேன்." கீழே தேதி போட்டு, வரதன் என்று கையெழுத்தும் போட்டு, அதற்குரிய மஞ்சள் கட்டத்துக்குள் கோணாமல் வைத்தேன்.

மூன்றாம் நாள் சிவப்பு அட்டை வந்தது. கட்டுப்பாட்டு நகலில் கையெழுத்து, கடும் விதிமீறல். கூடவே "ஏன்" படிவம். ஐந்து கட்டம். ஒவ்வொரு பதிலிலிருந்தும் அடுத்த கேள்வியை நாமே எழுதி, மூல காரணத்தைக் கண்டுபிடித்துக் கொடுக்க வேண்டும். முதல் கேள்வி மட்டும் அச்சில் இருந்தது. அப்ராரும் குப்புராஜும் என் இரண்டு பக்கமும் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சாரி கேட்டு எழுதிட்டுப் போ நைனா. பேஜாரு எதுக்கு" என்றான் குப்புராஜ். நான் எழுதத் தொடங்கினேன்.

கட்டுப்பாட்டு நகலில் ஏன் எழுதினீர்? பக்கம் காலியாக இருந்தது.

பக்கம் ஏன் காலியாக இருந்தது? அதில் இருந்ததை நீங்கள் அழித்துவிட்டீர்கள்.

ஏன் அழித்தோம்? எழுத்து நனைந்திருந்தது.

எழுத்து ஏன் நனைந்திருந்தது? எழுதியவள் அழுதாள்.

ஐந்தாவது கட்டத்தில் கேள்வியை எழுதிவிட்டேன். ஏன் அழுதாள்? அதற்குப் பதில் ஒன்றரைப் பக்கம். இந்தக் கம்பெனியில் அதைப் படித்தவர்கள் யாருமில்லை, எழுதியவளுக்கும் நினைவில்லை.  சாப்பாட்டு நேரம் முடிந்து மணி அடித்தது. அப்ரார் என் தோளைத் தொட்டான்.

அந்தக் கட்டத்துக்குள் எழுதினேன்: "இந்தக் கட்டம் வேண்டுமென்றே காலியாக விடப்படவில்லை."